முதலாளிக்கு லீவு கொடுப்பது யார்? புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் உடம்பையும் மனதையும் காத்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது லீவு கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பார். சொந்தத் தொழில் என்று வந்ததும் அந்த ஆள் இல்லாமல் போய்விடுகிறார். எவ்வளவு களைத்திருந்தாலும் ‘போய்ப் படுங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நம்மிடம் சொல்ல யாரும் கிடையாது. நான் 12 வருடமாக ஒரு சிறிய அச்சகம் நடத்துகிறேன். நான்காவது வருடத்தில் ஒருநாள் காலை ஷட்டரைத் தூக்கிவிட்டு, உள்ளே போக மனம் வராமல் வாசல் படியிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது பெரிய கடனும் இல்லை, ஆர்டருக்கும் குறைவில்லை. உள்ளே போனால் யாராவது எதையாவது கேட்பார்களே என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை.

உடனே ஒரு வாரம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியூர் போனேன். நன்றாகத் தூங்கினேன், தெம்பாகவும் இருந்தது. திரும்பி வந்த மூன்றாம் நாளே பழைய நிலைக்கு வந்துவிட்டேன். காரணம் பிறகுதான் புரிந்தது. என்னைக் களைக்கவைத்த ஏற்பாடு அப்படியே இருந்தது: எல்லா முடிவும் என் வழியாக, எல்லா போனும் எனக்கு, எல்லாக் கணக்கும் என் தலைக்குள். ஓய்வு உடம்பைத் தேற்றும், ஆனால் தொழில் நடக்கும் விதத்தை மாற்றாது. அதனால் இந்தக் கட்டுரையில் தூக்கமும் நடையும் வந்தாலும், பெரும்பகுதி தொழிலை நடத்தும் முறை பற்றித்தான் இருக்கும். முதலாளியின் உடம்பு கெடத் தொடங்குவது அங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தொழில் தொடங்கிய முதல் வருடத்திலேயே இதையெல்லாம் செய்துகொண்டால் சுலபம். பழக்கம் இறுகிய பிறகு செய்வது கடினம்.

பர்ன்அவுட் என்றால் எது?

நான் வாசல் படியில் உட்கார்ந்திருந்தது போல, வேலையாலேயே மனமும் உடம்பும் கருகிப்போகும் நிலையைத்தான் பர்ன்அவுட் என்கிறார்கள். களைப்பை எல்லாம் அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்தச் சொல்லை 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதிப் பரவச்செய்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். பகலில் தன் சொந்தத் தொழிலைப் பார்த்துவிட்டு, மாலையில் நியூயார்க்கின் ஓர் இலவச மருத்துவ மையத்தில் இரவு வெகுநேரம் வரை உழைத்தவர் அவர். அங்கே தன்னோடு வேலை செய்தவர்களிடமும், தன்னிடமும் கண்டதைத்தான் எழுதினார். அதில் சிக்கியவர்கள் சோம்பேறிகளோ வேலையை வெறுத்தவர்களோ இல்லை, மனம் ஒன்றி உழைத்தவர்கள். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களும் அப்படிப்பட்டவர்கள்தானே!

பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற ஆய்வாளர்கள் 1981-இல் இதை அளக்க ஒரு கேள்வித்தொகுப்பை வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் இதைச் சேர்த்தபோது, தனி நோயாக வைக்காமல், நெடுநாள் சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்று வகுத்தது. அதன்படி மூன்று அடையாளங்கள் உண்டு.

முதலாவது, சக்தி தீர்ந்துபோவது. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் போகாத சோர்வு இது. இரண்டாவது, வேலையிலிருந்து மனம் விலகுவது. முன்பு பெயர் சொல்லி நலம் விசாரித்த வாடிக்கையாளர் உள்ளே வரும்போதே எரிச்சல் வரும், பணியாளர் சொல்வது எல்லாமே சாக்காகத் தோன்றும். மூன்றாவது, கைத்திறன் குறைந்துவிட்டது போன்ற உணர்வு. பத்து நிமிடத்தில் போடும் கொட்டேஷன் மூன்று நாளாக மேஜையில் கிடக்கும்.

இந்த மூன்றில் இரண்டாவதைக் கவனியுங்கள். சோர்வை எல்லோரும் உணர்ந்துகொள்கிறோம். மனம் விலகுவதை மட்டும் ‘இப்போதுதான் எனக்கு உலகம் புரிகிறது, மனிதர்கள் இப்படித்தான்’ என்று அனுபவ முதிர்ச்சியாக எடுத்துக்கொள்கிறோம். நான் ஒரு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படி 1: 14 நாள் ஒரு நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். தினமும் நான்கு விஷயங்கள் போதும்: வேலையைத் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், தூங்கிய மணிநேரம், அன்று மிகவும் எரிச்சலூட்டிய ஒரு விஷயம். வேலை நேரக் கணக்கில், வீட்டிலிருந்து பேசிய போன், படுக்கையில் பார்த்த மெசேஜ், ஞாயிற்றுக்கிழமை போட்ட கணக்கு எல்லாவற்றையும் சேருங்கள். கடை திறந்திருக்கும் நேரம் வேறு, முதலாளி வேலை செய்யும் நேரம் வேறு.

வாரத்துக்கு எத்தனை மணி என்று கூட்டிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், 55 மணியும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் அடைப்பால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். தொழில் ஆரம்பிக்கும் பலர் 55-ஐ சாதாரணமாகத் தாண்டிவிடுகிறோம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நோட்டில் வரும் எண்ணைப் படிக்க ஓர் அளவுகோல் வேண்டும், அதற்காகத்தான்.

எரிச்சல் பட்டியலைக் கடைசியில் சேர்த்துப் படியுங்கள். மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டர் என்ற உளவியலாளரும் பர்ன்அவுட் முளைக்கும் இடங்களாக ஆறைச் சொன்னார்கள்: வேலைப்பளு, நம் கையில் கட்டுப்பாடு இல்லாமை, உழைப்புக்கேற்ற பலன் இல்லாமை, துணை இல்லாமை, நியாயம் இல்லாமை, நாம் மதிப்பவற்றுக்கும் செய்கிற வேலைக்கும் இடையே மோதல். என் நோட்டில் 14 நாளில் 9 நாள் எழுதியிருந்தது ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பற்றி. வேலைப்பளுதான் என் பிரச்சினை என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படி 2: ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள்

‘எனக்கு பர்ன்அவுட்’ என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை, வைட்டமின் பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறு எல்லாமே இதே சோர்வோடு வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வந்த களைப்பை மனோதிடத்தால் வெல்லப் பார்த்து மாதக்கணக்கில் அவதிப்படுவது வீண்.

ரத்த அழுத்தத்தைக் கட்டாயம் பாருங்கள். அது பெரும்பாலும் வெளியே எதையும் காட்டாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உயர் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது. அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருங்கள். ஓட்டமாய்ப் போய்க் கையை நீட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். சர்க்கரைக்கு எச்பிஏ1சி பரிசோதனை நல்லது, கடந்த சுமார் மூன்று மாத நிலவரத்தைச் சொல்லிவிடும். வண்டிக்கு சர்வீஸ் தேதி குறிப்பது போல இதற்கும் வருடத்தில் ஒரு தேதி குறியுங்கள். தொழில் தொடங்கிய தேதியே நினைவில் நிற்க வசதி.

படி 3: வேலையை முடிக்கும் நேரம்

திறக்கும் நேரத்தைப் பலகையில் எழுதி வைக்கிறோம். நம் வேலை முடியும் நேரத்தை எங்கும் எழுதுவதில்லை. வேலை முடிந்ததும் எழுந்துகொள்ளலாம் என்று இருந்தால், சொந்தத் தொழிலில் வேலை என்றைக்குமே முடியாது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்து எழுந்திருங்கள். இப்போது இரவு 10 மணி வரை போகிறதென்றால் ஒரேயடியாக 6-க்குக் கொண்டுவர வேண்டாம். முதல் இரண்டு வாரம் 9:30, அடுத்த இரண்டு வாரம் 9 என்று அரை அரை மணியாகக் குறையுங்கள். வாரத்தில் ஒரு முழுநாள் வேலையைத் தொடாமல் இருங்கள். முழுநாள் முடியவே முடியாத முதல் சில மாதங்களில் அரைநாளாவது கண்டிப்பாக.

எழுந்து போவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, நாளைக்குச் செய்ய வேண்டியதைத் தாளில் எழுதுங்கள். ‘ரவுண்டு சீல் ஆர்டர்’ என்று பொதுவாக எழுதாமல், ‘காலை 10 மணிக்கு போன் செய்து அளவு கேட்க வேண்டும்’ என்று அடுத்த செயல் தெரியும்படி எழுதுங்கள். 2018-இல் வந்த ஒரு தூக்க ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் நாளைய வேலைப் பட்டியலை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. முடியாத வேலை தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். தாளுக்கு இறக்கிவிட்டால் அது அங்கேயே இருக்கும், காலையில் எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: தூக்கத்தில் கைவைக்காதீர்கள்

பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. நேரம் போதாதபோது முதலாளி முதலில் வெட்டுவது இதைத்தான், ஏனென்றால் தூக்கம் எதிர்த்துப் பேசாது. 1997-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதைக் காட்டியது. காலை 5 மணிக்கு எழுந்து இரவு 10-க்கு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அந்த நிலையில்தான் இருக்கிறார்.

அதற்கு நானே சாட்சி. ஓர் ஆண்டறிக்கை அச்சுக்குப் போகும் இரவில், வேறு யாரையும் நம்பாமல் நானே கடைசிப் புரூஃப் பார்த்து ஓகே போட்டேன். இரண்டு பாரம் (ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்களின் தொகுதி) இடம் மாறியிருந்தது. அச்சடித்த அத்தனையையும் கழித்துவிட்டு மறுபடி அடித்தோம். தூங்காமல் மிச்சப்படுத்திய மூன்று மணி நேரத்துக்கு, தொழிலின் ஒரு மாத லாபத்தைக் கொடுத்தேன். அன்றிலிருந்து இரவு 9-க்கு மேல் எதற்கும் ஓகே போடுவதில்லை. எவ்வளவு அவசரமானாலும் காலை முதல் வேலையாகப் பார்க்கிறேன்.

காபி, டீயைப் பற்றி ஒரு குறிப்பு. உடலுக்குள் போன காஃபீனில் பாதி கழிவதற்கே சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் உள்ளே இருக்கும். மதியத்துக்குப் பிறகு நிறுத்திப் பாருங்கள்.

படி 5: எல்லாக் கேள்வியும் உங்களிடம் வராமல் செய்யுங்கள்

இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான படி இதுதான். மற்றவை எல்லாம் தாங்கும் சக்தியைக் கூட்டுகின்றன. இது பாரத்தையே குறைக்கிறது.

ஒரு வாரம், யாராவது உங்களிடம் ஏதாவது கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியை ஒரு வரியில் குறியுங்கள். என் அச்சகத்தில் அப்போது நான்கு பேர் வேலை செய்தார்கள். ஆறு நாளில் 130-க்கு மேல் கேள்விகள் சேர்ந்தன. இந்தத் தாள் தீர்ந்துவிட்டது, பக்கத்து அளவில் அடிக்கலாமா? பழைய கஸ்டமர் தள்ளுபடி கேட்கிறார், கொடுக்கலாமா? முதலில் எதை டெலிவரி செய்வது? நாளைக்கு எனக்கு அரைநாள் லீவு கிடைக்குமா? இப்படியே. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல அரை நிமிடம்தான் ஆகும். ஆனால் ஒவ்வொரு முறையும் செய்துகொண்டிருந்த வேலை அறுந்துபோகும். அதைத் திரும்பப் பிடிப்பதில்தான் நாள் கரைகிறது.

குறித்ததை மூன்றாகப் பிரியுங்கள்.

ஒரே மாதிரி பதில் வருபவை முதல் கூறு. இவற்றுக்கு விதி எழுதினால் போதும். ‘காலையில் வந்த ஆர்டர் முதலில், அவசரக் கட்டணம் கட்டியவர் அதற்கும் முன்’ என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியதும் டெலிவரிக் கேள்விகள் நின்றன. வேலை செய்யும் முறையை எழுத நேரமில்லை என்றால், அடுத்த முறை செய்யும்போது பேசிக்கொண்டே போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், அதுவே போதும்.

யோசித்து முடிவெடுக்க வேண்டியவை, ஆனால் நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று இல்லாதவை இரண்டாம் கூறு. இவற்றை ஓர் ஆளிடம் வரம்பு சொல்லி ஒப்படையுங்கள். ‘பார்த்துச் செய்யப்பா’ என்று சொன்னால் அது ஒப்படைப்பு ஆகாது, அவருக்குப் பயம்தான் கூடும். ‘பில் தொகையில் 5 சதவீதம் வரை என்னைக் கேட்காமல் தள்ளுபடி கொடுக்கலாம், அதற்கு மேல் கேள்’ என்று எண்ணோடு சொல்லுங்கள்.

உண்மையிலேயே உங்களுடையவை மூன்றாம் கூறு: புது இயந்திரம் வாங்குவது, ஆள் எடுப்பது, பெரிய கடன், விலை மாற்றம். என் 130-இல் இந்தக் கூறில் விழுந்தவை ஏழு.

பிரிப்பது சுலபம். ஒப்படைத்த பிறகு சும்மா இருப்பதுதான் கடினம். நீங்கள் ஒப்படைத்த ஆள் ஒருநாள் தவறாக முடிவெடுப்பார், நிச்சயமாக எடுப்பார். அப்போது ‘என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வரி போதும், மறுநாளிலிருந்து எல்லாக் கேள்வியும் உங்கள் மேஜைக்குத் திரும்பிவிடும். வரம்புக்குள் நடந்த தவறு என்றால் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு, விதியில் என்ன விடுபட்டது என்று இருவரும் உட்கார்ந்து சேருங்கள். என் பணியாளர் ஒருவர் தவறான தாளில் ஒரு வேலையை அடித்துவிட்டார். கத்தாமல் இருக்க நான் வெளியே போய்த் தெருமுனைவரை நடந்துவிட்டு வர வேண்டியிருந்தது. அவர்தான் இன்று என் அச்சகத்தின் பாதிப் பொறுப்பைச் சுமக்கிறார்.

அப்புறம் ஒரு சோதனை. ஒரு மதியம் மட்டும் போனை அணைத்துவிட்டு வெளியே இருங்கள். திரும்பி வந்ததும் எது நின்றுபோனது, எது காத்திருந்தது என்று கேளுங்கள். அதுதான் அடுத்து எழுத வேண்டிய விதிகளின் பட்டியல். அதைச் சரிசெய்து அடுத்த மாதம் ஒரு முழுநாள், பிறகு மூன்று நாள், வருடக் கடைசியில் ஒரு வாரம். உங்களுக்கு அவசரமாக உடம்பு சரியில்லாமல் போகும் நாளில் தொழில் எப்படி ஓடும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

தனி ஆளாகத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒப்படைக்க ஆள் இல்லை, உண்மைதான். அவர்கள் கேள்விகளைக் கட்டிப்போடலாம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதிலை ஒருமுறை எழுதி வைத்து அனுப்பலாம். போன் பேச நாளில் இரண்டு வேளை ஒதுக்கலாம். கணக்கு எழுத மாதத்தில் சில மணி நேரத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அதே தொழிலில் உள்ள நம்பகமான ஒருவரோடு, ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் அவசர வேலையை முடித்துக்கொடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைக்கலாம். இந்தக் கடைசி ஏற்பாட்டைப் பலர் செய்வதில்லை. போட்டியாளர் என்ற தயக்கம் வேண்டாம், அவருக்கும் இதே பயம் இருக்கும்.

படி 6: நள்ளிரவுக் கணக்கை நிறுத்துங்கள்

இரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால் முதலாளிக்கு முதலில் நினைவுக்கு வருவது பணம். கெட்ட செய்தியைவிட, எவ்வளவு கெட்டது என்று தெரியாமல் இருப்பதுதான் அதிகம் வாட்டும். அதற்கு நான்கு பழக்கங்களைச் சொல்கிறேன்.

தொழில் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் வெவ்வேறு வங்கிக் கணக்கில் வையுங்கள். உங்களுக்கென்று மாதச் சம்பளம் ஒன்றை, சிறியதானாலும், நிர்ணயித்துக் குறித்த தேதியில் எடுங்கள். கல்லாவிலிருந்து தோன்றியபோது எடுப்பவருக்குத் தொழில் லாபமா நஷ்டமா என்பதே தெரியாது. வரிக்கான பணத்தை, வரவு வந்த அன்றே தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

நான்காவது, 13 வாரக் கணக்கு. ஒரு தாளில் 13 கட்டம் போடுங்கள், வாரத்துக்கு ஒன்று, மொத்தம் மூன்று மாதம். ஒவ்வொரு வாரமும் வரவேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய சம்பளம், வாடகை, சப்ளையர் பணம், கடன் தவணை, வார இறுதியில் மிச்சம். வாரத்தில் ஒருநாள், பகலில், அரைமணி நேரம் உட்கார்ந்து திருத்துங்கள். எட்டாவது வாரத்தில் பணம் இடிக்கும் என்று இன்றைக்கே தெரிந்தால், முன்பணம் கேட்கலாம், பாக்கியை விரட்டலாம், சப்ளையரிடம் தவணை பேசலாம். அதே செய்தி அந்த வாரமே தெரியவந்தால் தூக்கத்தைத் தொலைப்பதைத் தவிர வழியில்லை. இரவில் பணக் கவலை வந்தால் ‘புதன்கிழமை 11 மணிக்குப் பார்ப்போம்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். புதன்கிழமை நிஜமாகவே உட்கார்ந்து பார்ப்பதால்தான் அந்தச் சமாதானம் வேலை செய்கிறது.

படி 7: போனும் வாடிக்கையாளரும்

தொழிலுக்குத் தனி எண் வாங்குங்கள். அந்த போன் வேலை முடியும் நேரத்தில் மேஜை டிராயருக்குள் போகட்டும். பதில் சொல்லும் நேரத்தை பில்லிலும் மெசேஜ் செயலியின் தானியங்கி பதிலிலும் போட்டுவிடுங்கள். இரவு 11 மணிக்கு ஒருமுறை பதில் சொன்னால், 11 மணிக்குக் கேட்கலாம் என்று நாமே வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். அதில் அவர்மேல் குற்றமில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானது: பதில் தாமதித்தால் ஆர்டர் போய்விடாதா? சில போகும். ஆனால் ‘நாளைக் காலை 10 மணிக்குள் விலை அனுப்புகிறேன்’ என்று சொல்லி, சொன்னபடி அனுப்புகிறவரைத் தேடி வருகிறவர்களே அதிகம்.

நோட்டில் ஒன்பது நாள் இடம்பிடித்த அந்த வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லவேண்டும். வருடத்தில் என் மொத்த விற்பனையில் பத்தில் ஒரு பங்குகூட அவரிடமிருந்து வரவில்லை. ஆனால் என் நினைப்பில் பாதி அவர்தான். விலையை ஏற்றினேன், திருத்தங்களுக்கு இரண்டு முறை மட்டும் என்று வரம்பு வைத்தேன், முன்பணம் இல்லாமல் தொடங்க மறுத்தேன். அவர் போய்விட்டார். அந்த மாதம் வருமானம் குறைந்தது. அடுத்த மாதத்திலிருந்து வேறு இரண்டு பேருக்கு ஒழுங்காக வேலை செய்ய முடிந்தது.

படி 8: உடம்பு

இங்கே சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை, செய்வதுதான் பாக்கி. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. வேகமாக நடப்பதே மிதமான உழைப்புதான். தினமும் 25 நிமிடம் நடந்தால் 150-ஐத் தாண்டிவிடலாம். உடற்பயிற்சிக்குத் தனி நேரம் கிடைக்காதவர்கள் ஒரு போன் பேச்சையாவது நடந்துகொண்டே பேசுங்கள்.

சாப்பாட்டு நேரத்தை வாடிக்கையாளர் சந்திப்பு போல டைரியில் எழுதுங்கள், வேலை மேஜையில் சாப்பிட வேண்டாம். திரையைப் பார்த்தே வேலை செய்கிறவர்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 நொடி பாருங்கள். நின்றே வேலை செய்கிறவர்கள் உட்காரவும், உட்கார்ந்தே செய்கிறவர்கள் எழவும் மணிக்கொருமுறை நினைவூட்டல் வையுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீரென முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது என்றால் கடையை மூடக்கூட நிற்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

படி 9: பேச ஓர் ஆள்

பணியாளரிடம் பயத்தைச் சொல்ல முடியாது, அவர் வேலை போய்விடுமோ என்று கலங்குவார். வாடிக்கையாளரிடம் சொல்லவே முடியாது. வீட்டில் சொன்னால் கவலைப்படுவார்களே என்று அங்கேயும் மறைக்கிறோம். கடைசியில் தனியாகப் போய் நிற்கிறோம். வீட்டாரிடம் மாதம் ஒருமுறை நிலவரத்தை எண்களோடு சொல்லிவிடுங்கள். மறைக்கும்போது அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்து உண்மையைவிட மோசமாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். வெளியே, வேறு தொழில் செய்யும் முதலாளிகள் இரண்டு மூன்று பேர் மாதம் ஒருமுறை கூடுங்கள். அறிவுரை சொல்லக்கூட வேண்டாம், ‘எனக்கும் போன மாதம் அப்படித்தான்’ என்று ஒருவர் சொல்லக் கேட்பதே பெரிய ஆறுதல்.

ஏற்கெனவே கருகிவிட்டவர்களுக்கு

இதைப் படிக்கும்போதே ‘நான் அந்த நிலையைத் தாண்டிவிட்டேன்’ என்று தோன்றினால், மேலே உள்ள படிகளை எல்லாம் ஒரே வாரத்தில் செய்யப் புறப்படாதீர்கள். அதுவும் இன்னொரு வேலைப்பட்டியலாகிவிடும். முதலில் மருத்துவர். வேலையில் மட்டுமின்றி எதிலுமே ருசி இல்லை, பிடித்தவர்களைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை, எதிர்காலமே இருட்டாகத் தெரிகிறது என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள், குணமாக்கக்கூடியது அது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட, இன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ தொடர்புகொள்ளுங்கள். தனியாக இருக்காதீர்கள்.

மோசமான அந்த வாரங்களில் தொழிலை மூடுவது, விற்பது, ஆளை நிறுத்துவது போன்ற முடிவுகளை எடுக்க வேண்டாம். தாளில் எழுதி, ஆறு வாரம் கழித்து ஒரு தேதி போட்டு மடித்து வையுங்கள். நான் அப்படி எழுதி வைத்தது ‘அச்சகத்தை விற்றுவிட வேண்டும்’ என்று. தேதி வந்து பிரித்தபோது எனக்கு விற்கத் தோன்றவில்லை. உங்களுக்கு அப்போதும் விற்கத் தோன்றினால் அதில் தோல்வி ஒன்றுமில்லை, தெளிந்த மனதோடு நல்ல விலை பேசலாம்.

பிறகு, முடிந்தால் இரண்டு வாரமாவது முழுதாக விலகி இருங்கள். முடியாதவர்கள் வேலையைப் பாதியாக வெட்டுங்கள்: புது ஆர்டர் எடுக்காமல், கையில் உள்ளதை மட்டும் முடித்துக்கொடுங்கள். உடல்நலக் காரணம் என்று சொன்னால் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஓய்வு நாட்களில் முதல் சில தினம் வெறுமனே தூங்கத்தான் தோன்றும், தூங்குங்கள். திரும்பும்போது முதல் வாரம் அரைநாள் மட்டும், போன் வேறொருவர் கையில். இரண்டாம் வாரமும் அரைநாள்தான், ஆனால் படி 5-இல் சொன்ன கேள்விக் குறிப்பை அப்போது தொடங்குங்கள். மூன்றாம் வாரம் போனை வாங்கிக்கொள்ளலாம், காலையில் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும். எனக்குப் பழைய தெம்பு வர ஐந்து மாதம் ஆனது. நடுவில் இரண்டுமுறை சறுக்கி, மறுபடி அரைநாளுக்குப் போனேன்.